வாடைக் காலமும் கடல் தொழிலாளர் உரிமையும்

வடகிழக்குப் பருவமழைக் காலம் தொடங்கிவிட்டால் நாளேடுகளின் உள்பக்கங்களில் ஒரு சிறு செய்தி திரும்பத் திரும்ப இடம்பெறும். மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் பலத்த காற்று வீசக்கூடும். மீன்வளத்துறை படகுகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவதை நிறுத்தியுள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். கடலிலிருந்து நெடுந்தொலைவில், பெங்களூருவில் வாழும் நாம் இதனை வானிலைச் செய்தியாகவே படித்துக் கடந்துபோகிறோம். சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தையில் மீன் விலை ஏறும் நாளில் மட்டும் அதன் நினைவு வருகிறது.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் வாயிலில் “மறு அறிவிப்பு வரும்வரை எவரும் வேலைக்கு வரவேண்டாம்” என்று ஒரு தாள் ஒட்டப்பட்டால், அந்த நாட்களுக்கு ஊதியம் உண்டா என்பதே நம் தோழர்கள் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கும். கதவடைப்பா, தற்காலிக ஆட்குறைப்பா என்று சட்டத்தைப் புரட்டுவோம். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அதே வாசகம் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எத்தனையோ முறை அறிவிக்கப்படுகிறது. அங்கே அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. காற்றின் மீது வழக்குத் தொடர முடியாது என்பது போன்ற ஒரு பொது ஒப்புதல் நிலவுகிறது.

எச்சரிக்கை தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்துக்குத் தெற்கே கடந்துசென்று ஆழ்கடலில் இருந்த தொழிலாளர்களைப் பலிகொண்ட ஒக்கிப் புயலும் இதே மாதங்களில் வந்தவை. ஒக்கியின்போது, பல நாட்கள் கடலில் தங்கித் தொழில்செய்யும் தூத்தூர் பகுதிப் படகுகளுக்கு எச்சரிக்கை சென்றுசேரவேயில்லை. எச்சரிக்கை முன்னதாக வரவேண்டும், ஆழ்கடல்வரை எட்டவேண்டும். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. கரையில் நிறுத்தப்பட்ட மனிதன் அந்த நாட்களில் எதை உண்பான், அவன் குடும்பம் யாரிடம் கடன் வாங்கும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி. இக்கேள்விக்கு முற்காலத்தில் கடலோர மக்களே ஒரு விடையை வைத்திருந்தார்கள். அந்த விடை எவ்வாறு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு வாடை என்பது பிரிவின் துயரைப் பெருக்கும் காற்று. நெடுநல்வாடை என்று ஒரு பாட்டுக்கே பெயராக அமைந்த காற்று. நெய்தல் நிலத்தவர்க்கு அது நாட்காட்டி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டு, எந்தக் காற்றில் எந்தக் கடலில் எந்த வலையை விடுவது என்று அவர்கள் கணக்கிட்டு வைத்திருந்தனர். ராமேஸ்வரம் தீவு இந்தக் கணக்கிற்கு மிகப் பொருத்தமான இடம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. மக்கள் அதனை வடகடல் என்பர். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடகடல் ஆழமற்றது. அதன் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. ஆழமற்ற நீரில் வாடை வீசும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும். சிறு படகை நிமிரவிடாமல் அடிக்கும். அதே நாளில் தீவும் நிலமும் மறைப்பாக நிற்பதால் தென்கடலின் கரையோரம் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். ஆறு மாதங்கள் கழித்துக் கச்சான் காற்று எழும்போது நிலைமை தலைகீழாகும். தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியுறும். ஆகவே சிறுபடகுத் தொழிலாளர்கள் ஆண்டில் ஒரு பாதியை ஒரு கடலிலும் மறுபாதியை மறு கடலிலும் கழித்தனர். பாம்பன் கால்வாயின் வழியே வள்ளங்கள் காற்றுக்கேற்ப இடம்பெயர்ந்தன. பருவத்துக்கு வந்து தங்குவோரின் குடில்கள் ‘வாடி’ எனப்பட்டன. பாம்பனில் தெற்குவாடி என்ற ஊர்ப்பகுதியே இன்றும் இருக்கிறது.

தென்கடலின் அமைதிக்குக் காற்றின் திசை மட்டும் காரணம் அன்று. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரைக்கு இணையாக ஒரு சங்கிலிபோல் இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் அமைந்துள்ளன. மீனவர் மொழியில் இப்பாறைத் திட்டுகள் ‘பார்’ எனப்படும். புறக்கடலின் அலை முதலில் பாரில் மோதி உடைகிறது. உள்ளே கரைவரை உள்ள நீர் ஒரு குளம்போல் காக்கப்படுகிறது. விளைமீன், களவா, கிளிமீன், பாறை, சிங்கி இறால், நண்டு, கணவாய் எனப் பாரைச் சார்ந்து வாழும் உயிர்கள் ஏராளம். தூண்டில், கூடு, சிறு கண்ணிவலை ஆகியவற்றைக் கொண்டே குளிர்கால மாதங்களில் ஒரு குடும்பம் உலை வைக்க இவை போதுமானவையாக இருந்தன. பெரும் வருவாய் இல்லை, பட்டினியும் இல்லை. வாடைக் காலத்தின் காப்பீட்டுத் திட்டம் என்று சொல்லத்தக்கது இந்தப் பார்கள்தாம்.

இத்தீவுகளின் பெயர்களைக் கவனியுங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, ஆனைப்பார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புள்ளிவாசல், வாலிமுனை. நல்லதண்ணி என்றும் உப்புத்தண்ணி என்றும் இரு தீவுகளுக்குப் பெயரிட்டவர் அரசு அளவையாளர் அல்லர். படகை ஒதுக்கி, மணலைத் தோண்டி, ஊறிய நீரை வாயில் வைத்துப் பார்த்தவர். எது குடிக்கத் தக்கது, எது தகாதது என்ற அறிவு பெயரிலேயே பொதிந்துள்ளது. உடைந்த கல் குவிந்த இடம் சல்லி. பாறைப் படுகை பார். நில உரிமைக்குப் பட்டாவைக் கேட்கும் அதிகாரிகள், கடல் உரிமைக்கு இந்தப் பெயர்ப்பட்டியலைப் படித்தால் போதும். எவ்வளவு காலமாக, எத்தகைய பயன்பாட்டுக்காக மக்கள் இத்தீவுகளில் கால்வைத்தனர் என்பதற்கு இதைவிட வலுவான ஆவணம் வேண்டியதில்லை.

1986ஆம் ஆண்டு இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப் பாறைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றை அழித்தவர் யார் என்ற கேள்விக்கு நேர்மையான விடை சொல்லப்பட்டதா? பல பத்தாண்டுகளாக டன் கணக்கில் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டு, சுண்ணாம்புக்காகவும் கால்சியம் கார்பைடு உற்பத்திக்காகவும் ஆலைகளுக்குச் சென்றது. வெட்டியவர்கள் கூலிகள், வாங்கியவர்கள் முதலாளிகள். அதன் விளைவாகவே விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு கரைந்து சுருங்கி, செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலும் வெந்நீரும், ஆலைக் கழிவுகளும் இதே கடலில்தான் கலந்தன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபோது வெட்டுவது குற்றமாயிற்று. அதற்குள் வெட்டி விற்றவர்களின் இலாபம் வேறு தொழில்களுக்கு மாறிவிட்டது. தண்டனைக்குரியவனாக எஞ்சியவன் தீவில் கால்வைக்கும் மீனவனும், பாரில் பாசி எடுக்கும் பெண்ணுமே.

பாசி எடுக்கும் பெண்களின் நிலை தனியே சொல்லத்தக்கது. பாம்பன், சின்னப்பாலம் உள்ளிட்ட ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகப் பாரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் சேகரிப்பவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, கூரிய கற்களுக்கிடையே பாசியைப் பறிப்பது அவர்கள் வேலை. அவர்கள் எடுக்கும் பாசி அகர் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. விலையை வைப்பவர் இடைத்தரகர். பாசி மீண்டும் வளர அவகாசம் வேண்டும் என்று உணர்ந்து, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என மாதம் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதென அவர்கள் தாமாகவே முடிவு செய்தனர். எந்த அரசாணையும் அவர்களை அவ்வாறு பணிக்கவில்லை. அப்பன்னிரண்டு நாட்களில் சில நாட்களைக் காற்று எடுத்துக்கொள்கிறது. சில நாட்களை வனத்துறை எடுத்துக்கொள்கிறது. இப்பெண்கள் மீன்பிடித் தொழிலாளராக அங்கீகரிக்கப்பட்டு அடையாள அட்டை பெறுவதே ஒரு நீண்ட போராட்டமாக இருந்துவருகிறது.

அதே காலத்தில், அயல்நாட்டு இனமான கப்பாபைகஸ் பாசியை வணிக நோக்கில் வளர்க்க இப்பகுதியில் ஊக்கமளிக்கப்பட்டது. பெப்சி நிறுவனம் அதன் ஒப்பந்தப் பயிரிடலில் இறங்கியது. பின்னர் அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்து மூடுவதைக் கடல்சார் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மாதம் பன்னிரண்டு நாள் மூழ்கும் பெண்ணைத் துரத்திய அரசு இயந்திரம் இதற்கு யாரையும் துரத்தவில்லை. இன்று ஒன்றிய அரசின் திட்டத்தில் 127 கோடி ரூபாய் மதிப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படுகிறது. அதில் சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு உரிமையாளர் என்ற இடமா, மிதவைக்குக் கயிறு கட்டும் கூலி என்ற இடமா என்பதை நாம் கண்காணிக்க வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் உண்டு. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடற்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலன்களைக் காக்கப் போதுமான நடவடிக்கைகளை எடுத்த பின்னரே எல்லையை வரையறுக்க வேண்டும். படகுகளின் தீங்கற்ற கடப்புரிமைக்குப் பாதிப்பு நேரக்கூடாது. மன்னார் வளைகுடாப் பூங்கா இத்திருத்தத்துக்கு ஐந்தாண்டுகள் முந்தையது என்று அதிகாரிகள் வாதிடலாம். வாதத்துக்காக அதனை ஏற்றுக்கொண்டாலும், நாடாளுமன்றத்தின் எண்ணம் என்னவென்பதில் மயக்கம் இல்லை. அந்த எண்ணத்தை 1986இன் பூங்காவுக்கும் விரித்து ஒரு விதியை வகுக்க மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் தடையாக இருப்பது எது? குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம்: திடீரென்று காற்று எழும்போது சிறுபடகுகள் தீவுகளின் மறைவில் ஒதுங்கவும், தேவைப்பட்டால் கரையேறித் தங்கவும் சட்டபூர்வமான உரிமை வேண்டும். புயலுக்கு ஒதுங்கியவன்மீது அத்துமீறல் வழக்குப் பதியப்படும் என்ற அச்சம் இருக்குமானால், அவன் ஒதுங்காமல் கரையை நோக்கி ஓடவே முயல்வான். அந்த ஓட்டத்தில் படகு கவிழும்.

இதற்கிடையே பார்களும் தளர்ந்துவிட்டன. 2016 கோடையில் கடல்நீர் வெப்பம் உயர்ந்து பவளங்கள் வெளுத்தபோது, உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது எனத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. கோடையில் வெளுக்கும் பவளத்துக்கு உயிர் மீளும் காலம் வாடைக் காலம்தான். வாடையில் நீர் குளிர்கிறது. ஆனால் வாடைக்கு முந்தைய வாரங்களிலும் இப்போது ஆபத்து சேர்ந்துள்ளது. 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. மக்கள் பூங்கோரை என்று அழைக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கம் அது. நீரில் உயிர்க்காற்று குறைந்து சில தீவுகளின் பவளங்களும் மாண்டன. ஆக, வாடைக் காலத்தில் மீனவன் நம்பியிருந்த காப்பீடு தானே நோயுற்றுக் கிடக்கிறது. புவி வெப்பமாதலுக்குச் சின்னஞ்சிறு வள்ளத்தின் பங்கு என்ன என்று எவரும் கணக்கிடத் தேவையில்லை.

தென்கடலின் கதை இது. வடகடலில் நிலைமை வேறு வகையானது. 1950களில் நார்வே நாட்டு உதவியுடன் கேரளத்தில் தொடங்கிய மீன்பிடி நவீனமயமும், அதனைத் தொடர்ந்து இறால் ஏற்றுமதிக்குக் கிடைத்த பெரும் விலையும் இழுவைமடிப் படகுகளைப் பெருக்கின. ஆழமற்ற, சேற்றுத் தரை கொண்ட பாக் விரிகுடா இறாலுக்கு ஏற்ற இடம். தரையைச் சுரண்டிச் செல்லும் மடி முட்டையையும் குஞ்சையும் கடற்புல்லையும் ஒருசேர வாரியது. சிறுபடகினர்க்கும் விசைப்படகினர்க்கும் மோதல்கள் வந்தன. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் நான்கு நாள் என்று ராமேஸ்வரம் பகுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஓரளவு நியாயமான ஏற்பாடு. ஆனால் வாடைக் காலத்தில் அதன் விளைவைப் பாருங்கள்: தமக்குரிய மூன்று நாட்களில் ஒன்றோ இரண்டோ காற்றால் போய்விட்டால், விசைப்படகுத் தொழிலாளி எஞ்சிய ஒரே இரவில் வாரம் முழுவதற்குமான டீசலையும் பனிக்கட்டியையும் முன்பணத்தையும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நம் பக்கக் கடல் சுரண்டப்பட்டுவிட்டது. காற்றில் கலங்கிய நீரில் இறால் எழும் இடம் எல்லைக்கு அப்பால். அந்த ஓர் இரவில் அவன் எங்கே செல்வான் என்பதை ஊகிக்க அரசியல் மேதமை வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் போர் முடிந்த 2009க்குப் பிறகே அவர்கள் முழுமையாகக் கடலுக்குத் திரும்ப முடிந்தது. போர்க்காலத்தில் வலையை இழந்து, படகை இழந்து, வீட்டை இழந்து, கடன் வாங்கி மீண்டும் வலை வாங்கினார்கள். அந்த வலைகளை நம் இழுவைமடிகள் அறுத்துச் செல்கின்றன. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் வடபகுதித் தமிழ் மீனவர்கள் முன்னணியில் இருந்தனர். இலங்கைக் கடற்படையின் வன்முறையையும், படகுகளை நாட்டுடைமையாக்கி ஏழைத் தொழிலாளியின் வாழ்வை நிர்மூலமாக்கும் போக்கையும் நாம் உறுதியாகக் கண்டிக்கிறோம். 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைது செய்யப்பட்டனர். அந்தக் கண்டனத்தோடு நிறுத்திக்கொண்டு, அறுந்த வலையின் பக்கத்தைப் பேசாமல் விடுவது வர்க்க ஒற்றுமை ஆகாது.

கச்சத்தீவு பற்றிய கூச்சல் இந்த இடத்தில்தான் பயன்படுகிறது, பிறருக்கு. 2024 மக்களவைத் தேர்தலின்போது பிரதமரே அதனைக் கிளப்பினார். 285 ஏக்கர் பரப்பும், குடிநீரும் இல்லாத அத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கையின் பக்கம் சென்றது. 1976 ஒப்பந்தத்தில் மன்னார் வளைகுடாவின் எல்லை வகுக்கப்பட்டது. வலை காய வைக்கவும் ஓய்வெடுக்கவும் உரிமை பற்றி அன்று பேசப்பட்டது உண்மை. அதனை மீனவர் நலன் நோக்கில் மீண்டும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் இறால் இருப்பது கச்சத்தீவின் மணலில் அன்று. அதற்கும் அப்பால் இலங்கைக் கரையை ஒட்டிய நீரில். தீவு நாளையே கைக்கு வந்தாலும் பாக் விரிகுடாவின் தரை ஒரே நாளில் உயிர்பெறாது. சொந்தக் கடலின் தீவுகளில் மீனவன் ஒதுங்க உரிமை தராத ஆட்சியாளர்கள், அயல்நாட்டின் பக்கமுள்ள தீவுக்காகக் கண்ணீர் வடிப்பதில் உள்ள முரணை நம் தோழர்கள் மக்களிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

இழுவைமடியிலிருந்து விலகுவதற்கு 2017இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. 2,000 படகுகளை ஆழ்கடல் சூரைமீன் பிடிப்புக்கு மாற்றுவது அதன் இலக்கு. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20 விழுக்காடு, பயனாளியின் பங்கு 10 விழுக்காடு. எட்டு லட்சத்தைக் கையிலும் பதினாறு லட்சத்தைக் கடனிலும் தாங்கக்கூடியவர் படகு உரிமையாளர். பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளி இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. மாற்றப்பட்ட படகுகள் இலக்கில் ஒரு சிறு பகுதியே. ஓரிரவுத் தொழிலுக்குப் பழகியவனை, பயிற்சியோ பாதுகாப்போ இன்றி வாரக்கணக்கில் ஆழ்கடலுக்கு, அதுவும் புயல் மாதங்களில் அனுப்புவது எளிதான மாற்றமும் அன்று. தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை தந்து, கடன் சுமையை அரசே ஏற்று இத்திட்டம் திருத்தப்பட வேண்டும். இன்றேல் அது பழைய முதலாளிக்குப் புதிய படகு வாங்கித்தரும் திட்டமாகவே முடியும்.

இங்கு ‘மீனவர்’ என்ற ஒற்றைச் சொல் பல உண்மைகளை மறைக்கிறது. பத்துப் படகுகளுக்கு உரிமையாளரும் மீனவர்; ஏலக்கடை நடத்தி முன்பணம் கொடுத்து மீனைத் தாம் வைத்த விலைக்கு வாங்குபவரும் மீனவர்; அந்த முன்பணத்தால் ஒரே படகில் கட்டுண்டு கிடப்பவரும் மீனவர். விற்ற தொகையில் டீசல், பனிக்கட்டி, உணவுச் செலவு கழிந்து, படகுக்கும் வலைக்குமான பங்கு கழிந்து, எஞ்சியதே தொழிலாளிக்கு. கடலுக்குச் செல்லாத நாளில் எஞ்சுவது எதுவுமில்லை. முன்பணம் மட்டும் வளர்கிறது. வாடைக் காலத்தின் ஒவ்வொரு எச்சரிக்கை நாளும் இந்தக் கொத்தடிமைக் கயிற்றில் இன்னொரு முறுக்கு.

அரசின் உதவி என்ன? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என உயர்த்தி அறிவித்தது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் இரு அரசுகளும் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. மூன்றில் ஒரு பங்கு அவர் பணமே. மீன்பிடிப்புக் குறைந்த மாதங்களுக்கென ஒரு சிறப்பு உதவித்தொகையும் உண்டு. இவற்றை வாங்கித்தந்ததில் மீனவர் சங்கங்களின் போராட்டத்துக்குப் பங்குண்டு, குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இவை யாவும் ஆண்டுக்கு ஒருமுறை தரப்படும் மொத்தத் தொகைகள். நவம்பரில் ஐந்து நாள் நிறுத்தினாலும் இருபது நாள் நிறுத்தினாலும் தொகை மாறாது. அரசு ஆணையால் நிறுத்தப்படும் ஒவ்வொரு நாளையும் கணக்கிட்டு, குறைந்தபட்ச ஊதியத்தின் அளவில் நாளுக்கு ஈட்டுத்தொகை என்ற கோரிக்கையை நாம் முன்வைக்க வேண்டும். இதற்குக் கணக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் அனுமதிச் சீட்டு நிறுத்தப்பட்டது என்பது மீன்வளத்துறையின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அனுமதிச் சீட்டு முறைக்குள் முழுமையாக வராத நாட்டுப்படகினருக்கும், பாசி எடுப்போர்க்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் அதே நாள்கணக்குப் பொருந்த வேண்டும்.

கர்நாடகத்தில் நமக்கு இது எவ்வாறு தொடர்பு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மேற்குக் கடலில் நிலைமை நேரெதிர். அங்கே தென்மேற்குப் பருவத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் தடைக்காலம். குளிர்கால மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதி. மல்பேயிலிருந்தும் மங்களூரிலிருந்தும் படகுகள் கொங்கண் கரைவரை செல்கின்றன. அப்படகுகளில் வேலை செய்வோரில் தமிழகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அமைதியான கடல் பாதுகாப்பான கடல் என்று எண்ணிவிடக்கூடாது. 2018 டிசம்பர் 13 அன்று மல்பேயிலிருந்து ஏழு பேருடன் புறப்பட்ட ‘சுவர்ண திரிபுஜா’ என்ற படகு இரண்டு நாட்களில் தொடர்பை இழந்தது. அப்போது புயல் ஏதும் இல்லை. 2019 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மீனவர்கள் உடுப்பியில் தேசிய நெடுஞ்சாலையை மறித்தனர். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில்தான் மால்வன் கரைக்கு அப்பால் கடலடியில் அதன் உடைந்த உடலைக் கடற்படை கண்டறிந்தது. பெரிய கப்பல் மோதியிருக்கலாம் என்ற ஐயத்தை மீனவர்கள் தொடக்கத்திலிருந்தே எழுப்பினர். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மோதியதில் மூழ்கிய ‘ரபா’ என்ற கேரளப் படகில் இருந்த பதினான்கு பேர் தமிழ்நாட்டையும் மேற்கு வங்கத்தையும் சேர்ந்த தொழிலாளர்கள். தமிழ்நாட்டின் நலவாரிய அட்டை மங்களூர்த் துறைமுகத்தில் செல்லுமா, கர்நாடகத்தின் விபத்து நிவாரணம் ராமநாதபுரத்துத் தொழிலாளிக்குக் கிடைக்குமா என்பவை மாநில எல்லைகளுக்கு நடுவே விழுந்து தொலையும் கேள்விகள். இக்கேள்விகளை எழுப்பத் தகுந்த இடம், இரு மொழியும் அறிந்த நம் கிளைகள்.

எச்சரிக்கைகளின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தெழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடுகிறேன். பலத்த காற்றுக்கும் சூறாவளிக்கும் வேறுபாடு தெரியாத வகையில் ஒரே சொல்லைக் கையாளும் அறிக்கைகள் வாரத்தில் மூன்று முறை வந்தால், உண்மையான புயல் வரும் நாளில் எவரும் அதனை நம்பமாட்டார்கள். வடகடலுக்கும் தென்கடலின் உட்கரைக்கும் ஒரே எச்சரிக்கை என்பதும் அத்தகையதே. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமும் வானிலைத் துறையும் அலை உயரத்தையும் நீரோட்டத்தையும் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கணிக்கும் திறன் பெற்றவை. அக்கணிப்பு, வாடை, கொண்டல், கச்சான் என்று மீனவர் வழங்கும் சொற்களில், பார்களையும் தீவுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வெளிவர வேண்டும். குருசடைக்குத் தெற்கே போகாதே, முயல் தீவுக்கு உள்ளே தொழில் செய்யலாம் என்ற அளவுக்கு நுணுக்கம் வந்தால் வீணாக இழக்கும் நாட்கள் குறையும். போகக்கூடாத நாளில் போகும் துணிச்சலும் குறையும். துறைமுகங்களில் மீனவர் பிரதிநிதிகளும் அமர்ந்து முடிவெடுக்கும் குழுக்கள் அமைக்கப்பட்டு, அனுமதிச் சீட்டை நிறுத்தும் அதிகாரத்தில் அவர்களுக்கும் பங்கு தரப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளைக் கடலோர மாவட்டத் தோழர்கள் ஏற்கெனவே வெவ்வேறு வடிவங்களில் எழுப்பிவருகின்றனர். பெங்களூருக் கிளைகள் செய்யத்தக்க முதற்பணி, மங்களூர், மல்பே துறைமுகங்களில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களின் ஊர், அட்டை, காப்பீடு ஆகிய விவரங்களை மீன்பிடித் தொழிற்சங்கத் தோழர்களுடன் சேர்ந்து திரட்டுவது. கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களில் படகுகள் கரையில் நிற்கும். தொழிலாளர்களைச் சந்திக்க அதுவே ஏற்ற காலம். பட்டியல் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கட்டும். இரு மாநில மீன்வளத்துறைகளுக்கும் ஒரே கோரிக்கை மனுவாக அளிக்க அது உதவும்.